சண்டை நடக்குற நாட்டுல பெண்களோட சின்ன அமைப்புக்கு வெளிநாட்டு நிதி வாங்குறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

போர் நடந்துட்டு இருக்குற நாடு, இல்ல போர் ஓய்ஞ்சும் அரசாங்கம் இன்னும் காலூன்றாத நாடு, அங்க பெண்கள் நடத்துற ஒரு சின்ன அமைப்பு, அதுக்கு நிதி தேடுற பொறுப்பு இப்ப உங்க தலையில வந்து விழுந்திருக்கு. நீங்க அந்த நாட்டுலயே இருக்கலாம், இல்ல வெளிய உக்காந்து அவங்களுக்கு அப்ளிகேஷன் எழுதிக் குடுக்குற ஆளா இருக்கலாம். ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன்.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடுறேன். இந்தத் துறையில ப்ராஜெக்ட்டுக்குப் பணம் கிடைக்கிறது ஓரளவு சுலபம், ஒரு ட்ரெயினிங், ஒரு வொர்க்‌ஷாப், ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் இதுக்கெல்லாம் யாராவது குடுத்துடுவாங்க, ஆனா ஆபீஸ் வாடகை, கணக்கு எழுதுற பொண்ணோட சம்பளம், மிரட்டல் போன் வந்தவங்கள ரெண்டு வாரம் வேற ஊர்ல தங்க வைக்கிற செலவு, இதுக்குன்னு கேட்டா தயங்குவாங்க. அமைப்பு நிக்கிறது இந்த ரெண்டாவது பணத்துலதான். ப்ராஜெக்ட் முடிஞ்ச உடனே ஆளுங்க கலைஞ்சு, ஆபீஸ் பூட்டி, பத்து வருஷமா ஊர் மக்கள்கிட்ட சம்பாதிச்ச நம்பிக்கை ஆறே மாசத்துல கரைஞ்சு போற அமைப்புகள் நிறைய. அதனால கீழ சொல்ற ஒவ்வொரு படியிலயும் "இந்தப் பணம் எங்கள நிக்க வைக்குமா, இல்ல ஓட மட்டும் வைக்குமா"ன்னு கேட்டுக்கிட்டே போங்க.

1. பணம் எந்த வழியா வருதுன்னு முதல்ல பாருங்க

பணக்கார நாடுகள் குடுக்குற உதவிக்கு, அந்த நாடுகள் சேர்ந்து வச்சிருக்குற ஓஇசிடி (OECD) அமைப்போட டாக் (DAC) கமிட்டி கணக்கு வைக்குது. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் பாலின சமத்துவத்துக்குன்னு ஒரு மார்க் போடுவாங்க, 0, 1, 2. சமத்துவம் நோக்கமே இல்லன்னா 0. பல நோக்கத்துல அதுவும் ஒண்ணுன்னா 1, அதாவது குடிதண்ணித் திட்டம் போடுறாங்க, அந்தத் தண்ணிக் கமிட்டியில பெண்களுக்கும் இடம் குடுக்கணும்னு எழுதி வைக்கிறாங்க, அது 1. சமத்துவம்தான் முதல் நோக்கம், அது இல்லன்னா அந்த ப்ராஜெக்டே வந்திருக்காதுன்னா 2. 2020-21 கணக்குல நாடுகள் நேரடியா குடுத்த உதவியில 44 சதவீதம் 1ஓ 2ஓ வாங்கியிருந்துச்சு, கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா 2 வாங்கினது மட்டும் பாத்தா வெறும் 4 சதவீதம். பெண்கள் அமைப்புகளோட கைக்கு வர்றது அதவிடக் கம்மி. போர் பாதிச்ச நாடுகளுக்குப் போற உதவியில 0.3 சதவீதம் பக்கம்தான் அவங்களுக்குப் போகுதுன்னு ஐநா பொதுச்செயலாளரோட அறிக்கைகள் சொல்லிட்டே வருது, குறைஞ்சது 1 சதவீதமாவது ஆக்குங்கன்னு அவரும் கேட்டுட்டுதான் இருக்காரு.

இத வச்சு நீங்க என்ன பண்ணணும்னா, ஓஇசிடி டேட்டாவுல 15170னு ஒரு கோடு (குறியீட்டு எண்) இருக்கு, பெண்ணுரிமை அமைப்புகள், இயக்கங்கள், பெண்களுக்கான அரசு நிறுவனங்கள் இவங்களுக்குப் போற பணம் எல்லாம் இந்தக் கோடுக்குக் கீழதான் வரும். பெண்கள் மேல நடக்குற வன்முறைய ஒழிக்கிற வேலைக்கு 15180. உங்க நாட்டப் போட்டு இந்த ரெண்டு கோடையும் ஃபில்டர் பண்ணுங்க, கடைசி ரெண்டு மூணு வருஷத்துல எந்த நாடு குடுத்திருக்கு, யார் கை வழியா குடுத்திருக்குன்னு தெரியும். டி-போர்ட்டல்னு (d-portal) ஒரு வெப்சைட் இருக்கு, அதுல ஒவ்வொரு ப்ராஜெக்ட்டோட பேர், தொகை, முடியிற தேதி வரைக்கும் பாக்கலாம். ஒரு மத்தியானம் உக்காந்தா போதும், உங்க நாட்டுக்கு நிஜமா பணம் குடுக்குறவங்க லிஸ்ட் ஒரே பக்கத்துல வந்துடும்.

யார் கை வழியாங்கிறத நல்லா கவனிங்க. பெரும்பாலும் பணம் நேரா வராது. தூதரகத்துலருந்து ஐநா ஏஜென்சி, அங்கருந்து ஒரு பெரிய வெளிநாட்டு என்ஜிஓ, அங்கருந்து தலைநகர்ல இருக்குற ஒரு உள்நாட்டு என்ஜிஓ, கடைசியா நீங்க. ஒவ்வொரு கையிலயும் நிர்வாகச் செலவுன்னு கொஞ்சம் நிக்கும், ஒவ்வொரு கையும் புதுசா ஒரு ரிப்போர்ட் ஃபார்மட் சேர்க்கும். 2016ல கிராண்ட் பார்கெய்ன்னு ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, மனிதாபிமான உதவியில 25 சதவீதம் முடிஞ்ச வரைக்கும் நேரடியா உள்ளூர் அமைப்புகளுக்குப் போகணும்னு, பெரிய டோனர்களும் (நிதி குடுக்குறவங்க) ஐநா ஏஜென்சிகளும் கையெழுத்துப் போட்டாங்க, அந்த இலக்கு இன்னிக்கு வரைக்கும் ரொம்பத் தூரத்துலதான் இருக்கு. ஆனா மீட்டிங்ல இத ஞாபகப்படுத்த உங்களுக்கு முழு உரிமை இருக்கு, ஞாபகப்படுத்துங்க.

பழைய டோனர் லிஸ்ட் யாராவது அனுப்பினா நம்பி உக்காராதீங்க. ஸ்வீடன் 2014ல பெண்ணிய வெளியுறவுக் கொள்கைன்னு முதல்ல அறிவிச்ச நாடு, 2022ல அதக் கைவிட்டுடுச்சு. அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி அமைப்பு யுஎஸ்எய்ட் 2025 ஜூலையோட மூடியாச்சு. பிரிட்டன் உதவிய தேசிய வருமானத்துல 0.5லருந்து 2027க்குள்ள 0.3 சதவீதமாக் குறைக்கப் போறதா அறிவிச்சிருக்கு. 2025ல ஐநாவோட பெண்களுக்கான அமைப்பான யுஎன் விமன் 44 நெருக்கடிப் பகுதிகள்ல 411 பெண்கள் அமைப்புகள்கிட்ட விசாரிச்சப்ப 90 சதவீதம் பேர் நிதி வெட்டு எங்களத் தாக்கியிருக்குன்னு சொன்னாங்க, 47 சதவீதம் பேர் இப்படியே போனா ஆறு மாசத்துக்குள்ள மூட வேண்டி வரும்னு சொன்னாங்க. மனசு கனக்குது இதப் படிச்சா, ஆனா தெரிஞ்சு இறங்குறதுதான் நல்லது.

2. 1325ஐ ஒரு பிடிமானமா எடுத்துக்கங்க

ஐநா பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 1325, 2000 அக்டோபர் 31ல வந்தது. சமாதானப் பேச்சுலருந்து மறுசீரமைப்பு வரைக்கும் எல்லாத்துலயும் பெண்களுக்கு இடம் வேணும், போர்ல அவங்களுக்குப் பாதுகாப்பு வேணும்னு சொல்லுது. பங்கேற்பு, தடுப்பு, பாதுகாப்பு, நிவாரணமும் மீட்சியும், இந்த நாலு தூண்தான் எல்லா டோனர் பேப்பர்லயும் திரும்பத் திரும்ப வரும். நூறுக்கும் மேல நாடுகள் இதுக்கு தேசிய செயல்திட்டம் போட்டிருக்கு. உங்க நாட்டோட திட்டத்தப் படிங்க, அதவிட முக்கியமா உங்களுக்குப் பணம் குடுக்கக் கூடிய நாட்டோட திட்டத்தப் படிங்க, ஏன்னா நிறைய டோனர் நாடுகள் எந்தெந்த நாட்டுக்கு முன்னுரிமைன்னு அதுலயே பேர் போட்டு எழுதியிருப்பாங்க. உங்க நாட்டுப் பேர் அதுல இருந்தா தூதரகத்துக்கு எழுதுற மெயில்ல முதல் வரியே அதுதான்.

ஆனா 1325 பேர சொல்லிட்டா போதும்னு நினைக்காதீங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்குற லைபீரியாவ எடுத்துக்கங்க, உள்நாட்டுப் போர் நடந்துட்டிருந்த 2003ல லேமா போவியும் கூட இருந்த பெண்களும், கிறிஸ்தவங்க முஸ்லிம்கள்னு பாக்காம, வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு தலைநகர் மன்ரோவியாவுல வெயில்லயும் மழையிலயும் உக்காந்தாங்க, அப்புறம் கானாவுல அக்ராவுக்கே போய் பேச்சுவார்த்தை நடந்த ஹால் வாசல மறிச்சு, முடிவுக்கு வராம யாரும் வெளிய போகக் கூடாதுன்னு உக்காந்துட்டாங்க. அந்த ஆகஸ்ட்லயே சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 2011ல போவிக்கு நோபல் பரிசு வந்துச்சு. யாரோ ஒரு டோனர் தீம் குடுத்து அதுக்கேத்த மாதிரி கிளம்பின வேலை இல்ல அது, அவங்க ஊருக்கு என்ன வேணும்னு அவங்களுக்கே தெரிஞ்சு கிளம்பினது. நீங்களும் டோனருக்குப் பிடிச்ச தீம் தேடிட்டு அப்புறம் வேலைய மாத்தாதீங்க, ஏற்கனவே நீங்க பண்ற வேலைய எந்தத் தூணுக்குக் கீழ வைக்கலாம்னு பாருங்க. இந்த வரிசை தலைகீழா மாறினா ரெண்டு வருஷத்துல உங்க அமைப்பு யாருதுன்னு உங்களுக்கே தெரியாம போயிடும்.

3. எந்தக் கதவ முதல்ல தட்டுறது?

என் அபிப்பிராயம், பெண்கள் நிதிகள்கிட்டதான் முதல்ல போகணும். பெண்கள் இயக்கத்துக்குள்ளருந்தே வந்த நிதிகள் இதெல்லாம். ஆம்ஸ்டர்டாம்ல இருக்குற மாமா கேஷ் 1983ல தொடங்குனது, குளோபல் ஃபண்ட் ஃபார் விமன் 1987, ஆப்பிரிக்காவுக்குன்னு ஆப்பிரிக்கன் விமன்ஸ் டெவலப்மென்ட் ஃபண்ட் 2000, இளம் பெண்ணியக் குழுக்களுக்குன்னு ஃப்ரீடா 2010. இவங்கள்ல பல பேர் சேர்ந்து ப்ராஸ்பெரான்னு ஒரு நெட்வொர்க் வச்சிருக்காங்க, அங்க போனா உங்க பகுதிக்கு எந்த நிதின்னு தெரிஞ்சுக்கலாம். தொகை பெருசா இருக்காது, ஆனா வாடகைக்கும் சம்பளத்துக்கும் குடுப்பாங்க, ஃபார்ம் சின்னது, சில நிதிகள் பதிவு பண்ணாத குழுவுக்கும் குடுக்கும். பெண்கள் அமைப்பப் பதிவு பண்றதே ஆபத்தா இருக்குற நாடுகள்ல இது எவ்வளவு பெரிய விஷயம்னு அங்க இருக்குறவங்களுக்குத்தான் தெரியும். அவசரம்னா, கைது, மிரட்டல், திடீர்னு ஒரு சட்டம் வருது இந்த மாதிரி நேரத்துல, 1997ல தொடங்குன அர்ஜென்ட் ஆக்‌ஷன் ஃபண்டும் ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியா பசிபிக்ல இருக்குற அதோட சகோதர நிதிகளும் இருக்கு, இவங்க வாரக்கணக்குல இழுக்காம நாள்கணக்குல பதில் சொல்ற மாதிரி அமைக்கப்பட்டவங்க.

அடுத்தது ஐநா பக்கம். விமன்ஸ் பீஸ் அண்ட் ஹியூமானிட்டேரியன் ஃபண்ட், சுருக்கமா டபிள்யூபிஎச்எஃப், 2016ல வந்தது, போர் பாதிச்ச நாடுகள்ல இருக்குற உள்ளூர் பெண்கள் அமைப்புகளுக்குன்னே இருக்குற நிதி. இதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு அமைப்ப நிக்க வைக்கிற நிதி, 2,500 டாலர்லருந்து 30,000 வரைக்கும். இன்னொண்ணு வேலைத்திட்டத்துக்கு, 30,000லருந்து 2,00,000 வரைக்கும். புதுசா வர்றவங்க பெரிய தொகையப் பாத்து ரெண்டாவதுக்கு ஓடுறாங்க, நான் முதல் வழியத்தான் முதல்ல பாக்கச் சொல்லுவேன், ஏன்னா அதுலதான் கணக்கு சாஃப்ட்வேர், ஜெனரேட்டர், வாடகை எல்லாம் வெக்கப்படாம கேக்கலாம். ஆனா இங்க பதிவுச் சான்றிதழ் கேப்பாங்க. பெண்கள் மேல நடக்குற வன்முறைக்கு எதிரா வேலை செய்யிறவங்கன்னா 1996லருந்து இருக்குற யுஎன் ட்ரஸ்ட் ஃபண்ட் இருக்கு, வருஷ பட்ஜெட் 2 லட்சம் டாலருக்குக் கீழ இருக்குற சின்ன அமைப்புகளுக்குன்னு அதுல தனிப் பிரிவு வச்சிருக்காங்க.

தூதரகங்கள்ல சின்னச் சின்ன கிராண்ட் (திருப்பிக் குடுக்க வேண்டாத நிதியுதவி) உண்டு, கனடா தூதரகங்கள் நடத்துற கனடா ஃபண்ட் ஃபார் லோக்கல் இனிஷியேட்டிவ்ஸ் நல்ல உதாரணம். ஐரோப்பிய யூனியன் பணம் பெருசு, ஆனா பல அழைப்புகள்ல (விண்ணப்பிக்கச் சொல்லி வர்ற அறிவிப்பு) ஒரு பங்க நீங்களே போடணும்னு கேப்பாங்க, பேப்பர் வேலையும் ரொம்ப ஜாஸ்தி, அதனால தனியாப் போகாம 1993ல பால்கன் போர் சமயத்துல ஸ்வீடன்ல உருவான க்வின்னா டில் க்வின்னா மாதிரி பெண்கள் அமைப்புகளோட வேலை செஞ்சு பழகினவங்களோட சேர்ந்து போறது புத்திசாலித்தனம்.

4. ஒரு ஃபோல்டர் தயார் பண்ணி வைங்க

அழைப்பு வந்தா பெரும்பாலும் மூணு வாரம் நாலு வாரம்தான் டைம் குடுப்பாங்க, அப்ப போய் சான்றிதழ் தேடுனா முடியாது. பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், நிர்வாகக் குழு பேர் லிஸ்ட், அமைப்போட பேர்லயே இருக்குற பேங்க் அக்கவுன்ட்டுக்கு பேங்க் குடுத்த லெட்டர், கடைசி ரெண்டு வருஷ வரவு செலவு, ஆடிட் பண்ணியிருந்தா அது, நிதிக் கொள்கை, கொள்முதல் விதி, பாலியல் சுரண்டல் தடுப்புக் கொள்கை. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே இடத்துல வைங்க, உங்க ஆபீஸ் இல்லாத வேற ஒரு பாதுகாப்பான இடத்துலயும் ஒரு காப்பி வைங்க, ஏன்னா இந்த நாடுகள்ல ஆபீஸ ராத்திரியோட ராத்திரியா காலி பண்ண வேண்டி வர்றது அபூர்வம் இல்ல.

இதுல கொள்கைகள் பத்தி ஒரு வார்த்தை. நெட்லருந்து நாப்பது பக்கம் இறக்கி பேர மட்டும் மாத்தி வைக்கிற பழக்கம் இருக்கு, அது வேண்டாம். டோனர் ஆளு வந்து உங்க களப் பணியாளர்கிட்ட "புகார் குடுக்கணும்னா யார்கிட்ட போவீங்க"ன்னு கேட்டா அவங்க முழிச்சாங்கன்னா அந்த நாப்பது பக்கத்தால ஒரு பிரயோஜனமும் இல்ல. உங்க மொழியில ஒரே பக்கம் எழுதுங்க, யார் புகார் வாங்குவாங்க, அவங்க மேலயே புகார்னா யார்கிட்ட போறது, எத்தன நாள்ல பதில். அத எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு வாயால சொல்லுங்க.

பணம் விஷயத்துல ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம எதுவும் வெளிய போகக் கூடாது, ரசீது இல்லாத செலவுக்கு அன்னிக்கே ஒரு குறிப்பு எழுதி ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கிடணும். ஆடிட்ல மாட்டுற விஷயத்துல பாதி இங்கதான் இருக்கு.

5. பேங்க் விஷயத்த கையெழுத்துக்கு முன்னாடியே பேசிடுங்க

கிராண்ட் கிடைச்சும் பணம் மாசக்கணக்குல நடுவுல நிக்கிறது இந்தத் துறையில எல்லாருக்கும் தெரிஞ்ச வேதனை. பேங்குகள் பயங்கரவாத நிதி விதிகளுக்குப் பயந்து போர் நடக்குற நாட்டுக்குப் போற பணத்தையே தவிர்க்குது. லாப நோக்கம் இல்லாத அமைப்புகள எல்லாம் ஒரே மாதிரி சந்தேகப்படக் கூடாது, ஆபத்து இருக்குற இடத்துல மட்டும் அளவோட பாருங்கன்னு, பயங்கரவாத நிதியத் தடுக்க உலக அளவுல விதி வகுக்குற ஃபேட்ஃப் (FATF) அமைப்பு தன்னோட 8வது பரிந்துரைய 2023ல திருத்தியிருக்கு, பாதுகாப்பு கவுன்சிலும் 2022 டிசம்பர்ல 2664வது தீர்மானத்துல மனிதாபிமான வேலைக்குப் போற பணத்துக்கு ஐநா தடைகள்லருந்து விலக்கு குடுத்திருக்கு. பேங்க் மேனேஜர்கிட்ட இந்த ரெண்டு நம்பரையும் எழுதிக் குடுங்க, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்னு எதிர்பாக்காதீங்க.

நடைமுறையில என்ன பண்ணணும்னா, பதிவுச் சான்றிதழ்ல இருக்குற ஸ்பெல்லிங், பேங்க் அக்கவுன்ட்ல இருக்குற ஸ்பெல்லிங், ஒப்பந்தத்துல இருக்குற ஸ்பெல்லிங் மூணும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும், ஒரு எழுத்து மாறினாலே நடுவுல இருக்குற பேங்க் நிறுத்திடும். எந்த நடு பேங்க் வழியா வரும்னு டோனர்கிட்ட முன்னாடியே கேளுங்க. முதல்ல சின்னத் தொகை ஒண்ணு சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்க. பேங்க் கட்டணத்துக்கும் நாணய மதிப்பு சரியிறதுக்கும் பட்ஜெட்ல தனி வரி போடுங்க. பணம் லேட்டானா வேலை தொடங்குற தேதியும் தானா தள்ளிப் போகும்னு ஒப்பந்தத்துல ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க, கேட்டா பெரும்பாலும் சேர்ப்பாங்க, யாரும் கேக்குறதில்லங்கிறதுதான் பிரச்சனை.

6. கான்செப்ட் நோட் (உங்க யோசனைய டோனருக்குச் சுருக்கமா சொல்ற குறிப்பு) எழுதுறது

"பெண்களை வலுவூட்டுவதன் மூலம் நிலையான அமைதியை ஏற்படுத்துதல்" அப்படின்னு எழுதாதீங்க. இதே வாக்கியம் அன்னிக்கு வந்த எல்லா அப்ளிகேஷன்லயும் இருக்கும். இப்படி எழுதுங்க: "எங்க மாவட்டத்துல மூணு கிராமத்துக்கு நடுவுல ஒரே கிணறு. கோடையில ஆடு மாடு மேய்க்கிறவங்களுக்கும் விவசாயிகளுக்கும் அதுல சண்டை வந்து ஆயுதம் வெளிய வரும். போன கோடையில எங்க பெண்கள் குழு ரெண்டு பக்கத்துப் பெரியவங்ககிட்டயும் தனித்தனியாப் போய்ப் பேசி, காலையில யாரு சாயங்காலம் யாருன்னு முறை வச்சு, அத அவங்க ஒத்துக்கிட்டாங்க. இப்ப மாவட்ட சமாதானக் கமிட்டியில எங்களுக்கு ஒரு இடம் கூட இல்ல. பதினெட்டு மாசத்துல அந்தக் கமிட்டியில நாலு இடம் வாங்கணும், அங்க போய்ப் பேசப் போற பெண்களுக்குத் துணை நிக்கணும், அதுக்குத்தான் இந்தப் பணம்." இதுல பிரச்சனை என்ன, நீங்க யாரு, ஏற்கனவே என்ன பண்ணீங்க, என்ன மாறும் எல்லாமே வந்துடுச்சு, படிக்கிறவருக்கு அந்தக் கிணறு கண்ணு முன்னாடி தெரியும்.

முன்ன சொன்ன 0, 1, 2 மார்க் இங்க உதவும். 2 போடணும்னா ஓஇசிடி கேக்குறது என்னன்னா, ஆரம்பத்துலயே பாலின ஆய்வு ஒண்ணு பண்ணியிருக்கணும், அந்த வேலையால யாருக்கும் கெடுதல் வராதுன்னு பாத்திருக்கணும், சமத்துவம்தான் முதல் நோக்கம்னு வெளிப்படையா எழுதியிருக்கணும், அத அளக்க குறியீடுகள் இருக்கணும், முடிஞ்ச வரைக்கும் ஆண் பெண் தனித்தனியா புள்ளிவிவரம் எடுக்கணும், கடைசியில ரிப்போர்ட் பண்ணணும். தூதரகத்துல இருக்குற அந்த ஆபீசரும் தன்னோட தலைமைக்கு 2 மார்க் ப்ராஜெக்ட் எத்தனன்னு காட்ட வேண்டியவர்தான். உங்க பேப்பர்ல இதெல்லாம் தெளிவா இருந்தா அவர் வேலை லேசாகும், உங்களுக்காக உள்ள அவர் பேசுறதும் லேசாகும்.

கெடுதல் வராம பாக்குறதுங்கிற இடத்துல நின்னு யோசிங்க. ஒரு பொண்ணு கைக்குப் பணம் வந்தா வீட்டுல அடி கூடலாம், கமிட்டியில பேசினா வெளிய போறப்ப பின்தொடரலாம். கூட்டம் எத்தன மணிக்கு முடியுது, இருட்டுறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போக முடியுமா, வீட்டு ஆம்பளைங்ககிட்ட முன்னாடியே யாரு பேசுறது, இத எல்லாம் எழுதுங்க. உங்களுக்கு இது தினப்படி தெரிஞ்ச விஷயம், அதனாலயே எழுதாம விட்டுடுறீங்க. டோனர் மேசையில இருக்குறவருக்கு அது தெரியாது.

7. பட்ஜெட்ல வெக்கப்படாதீங்க

சின்ன அமைப்புகள் பண்ற பெரிய தியாகம், அதே சமயம் பெரிய கேடு, சம்பளத்தக் குறைச்சுக் காட்டுறது. செலவு கம்மியா இருந்தா கிடைக்கும்னு நினைச்சு தலைவிக்கு சம்பளமே போடாம, கணக்காளருக்கு பாதி நேரம்னு போட்டு அனுப்புறாங்க. கிடைக்கும், அப்புறம் அந்தக் கணக்காளர் ரெண்டு மடங்கு சம்பளத்துக்கு வெளிநாட்டு என்ஜிஓவுக்குப் போயிடுவாங்க, நீங்க நடு வருஷத்துல ரிப்போர்ட் எழுதத் தெரியாம நிப்பீங்க.

நிஜச் சம்பளம் போடுங்க. வாடகை, இன்டர்நெட், ஜெனரேட்டர் டீசல் போடுங்க. குழந்தைகளப் பாத்துக்க ஒரு ஆளும் ஒரு ரூமும் போடுங்க, அது இல்லன்னா ட்ரெயினிங்குக்கு கைக்குழந்தை இல்லாத பெண்கள் மட்டும்தான் வருவாங்க, அப்புறம் ரிப்போர்ட்ல "எல்லாப் பெண்களும்"னு எழுத முடியாது. மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு வண்டிச் செலவு, சைகை மொழி ஆள். ஆப்கானிஸ்தான் மாதிரி கூட ஆம்பளைத் துணை இல்லாம பெண் பயணம் போக முடியாத இடத்துல அந்தத் துணைக்கும் டிக்கெட் சாப்பாடு தங்குறது எல்லாம் சேர்த்துப் போடணும், விட்டுட்டா உங்க பணியாளர் சம்பளத்துலருந்துதான் போகும். வன்முறைக்கு ஆளானவங்க கதைய நாள் பூராக் கேக்குற பணியாளர்களுக்கு கவுன்சிலிங், சம்பளத்தோட ஓய்வு நாள். அவசர இடமாற்றத்துக்கு ஒரு தொகை.

நிர்வாகச் செலவு வேற. ஐநா பணத்துல பொதுவா 7 சதவீதம் வரைக்கும் அப்படிக் குடுப்பாங்க. நீங்க ஒரு பெரிய என்ஜிஓவுக்குக் கீழ வந்தா அந்த 7ல உங்க பங்கு எவ்வளவுன்னு நேராக் கேளுங்க. பல இடத்துல முழுசையும் மேல இருக்குறவங்களே வச்சுக்கறாங்க, களத்துல உயிரப் பணயம் வைக்கிறவங்களுக்கு ஒண்ணும் வர்றதில்ல. இது நியாயமே இல்ல, கேக்குறதுக்கு எந்த சங்கடமும் பட வேண்டாம்.

8. பாதுகாப்புல விட்டுக்குடுக்கவே கூடாது

ட்ரெயினிங் நடந்தா ஒரு வருகைப் பதிவு போடுவீங்க, பேர், கிராமம், போன் நம்பர், கையெழுத்து. அந்தப் பேப்பர் பையில இருக்கும், பை வண்டியில இருக்கும், வண்டி செக்பாயின்ட்ல நிக்கும். ஆயுதத்தோட நிக்கிற ஆளு அந்தப் பையத் தொறந்தா முப்பது பெண்களோட பேரும் நம்பரும் அவன் கையில. அதனால முதல் நாளே டோனர்கிட்ட பேசி பேருக்குப் பதிலா கோடு நம்பர் போடலாமான்னு கேட்டு, எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. பேரும் கோடும் சேர்ந்த லிஸ்ட் வேற இடத்துல, பூட்டி. போட்டோவும் அப்படித்தான், முகம் தெரியாம கையோ முதுகோ எடுத்தாலே போதும். லோகோ ஒட்டணும்னு ஒப்பந்தத்துல விதி இருக்கும், பாதுகாப்புக் காரணத்துக்கு விலக்கு குடுக்குற வழியும் பெரும்பாலும் இருக்கும், அதையும் எழுத்துலயே வாங்குங்க, வாய் வார்த்தைய நம்பாதீங்க, ஏன்னா ஆபீசர் அடுத்த வருஷம் மாறிடுவாரு.

நிலைமை ஒரே நாள்ல மாறும்கிறதயும் மனசுல வைங்க. ஆப்கானிஸ்தான்ல 2022 டிசம்பர் 24 அன்னிக்கு என்ஜிஓவுல பெண்கள் வேலை செய்யக் கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு, 2023 ஏப்ரல்ல ஐநாவுல வேலை செய்யிற ஆப்கன் பெண்களுக்கும் அது வந்துச்சு. அப்படி ஒரு நாள் வந்தா சம்பளம் தொடருமா, வேலைய வீட்டுலருந்து பண்ணலாமா, பணத்த வேற தலைப்புக்கு மாத்தலாமா, இதுக்கெல்லாம் ஒப்பந்தத்துல பதில் இருக்கணும்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவங்ககிட்ட "உங்க கதை சொல்லுங்க"ன்னு டோனர் ரிப்போர்ட்டுக்காகப் போகாதீங்க. ஏற்கனவே எத்தனையோ பேர்கிட்ட சொல்லிச் சொல்லி நொந்து போனவங்க அவங்க. 2022ல முராட் கோடுன்னு ஒரு நடத்தை விதி வந்தது, பாலியல் வன்முறையிலருந்து மீண்டு வந்து நோபல் பரிசு வாங்கின நாடியா முராட் பேர்ல, இந்த மாதிரி தகவல் எடுக்குறவங்க என்ன பண்ணணும் என்ன பண்ணக் கூடாதுன்னு இருக்கு, கட்டாயம் படிங்க. அவங்களுக்கு டாக்டர், சட்ட உதவி, தங்குற இடம்னு அனுப்பி வைக்க உங்களுக்கு வழி இல்லன்னா, கேள்வியே கேக்காதீங்க.

உங்க பணியாளருக்கே ஆபத்து வந்தா ஆபத்துல இருக்குற மனித உரிமைப் போராளிகளுக்கு உதவுற, அயர்லாந்து டப்ளின்ல இருக்குற ஃப்ரன்ட் லைன் டிஃபென்டர்ஸ், முன்ன சொன்ன அர்ஜென்ட் ஆக்‌ஷன் ஃபண்ட், 2022ல டபிள்யூபிஎச்எஃப் மனித உரிமைக்காகப் போராடுற பெண்களுக்குன்னு தொறந்த தனி வழி, இவங்கள எப்படித் தொடர்பு கொள்றதுன்னு ஆபத்து வர்றதுக்கு முன்னாடியே எழுதி வைங்க, ஒருத்தர் இல்ல, மூணு பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

9. ஒப்பந்தத்தப் படிங்க, அப்புறம் ரிப்போர்ட்

பட்ஜெட் வரிகளுக்கு நடுவுல எத்தன சதவீதம் கேக்காமலே மாத்தலாம், எத்தன மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட், எந்த மொழியில, டேட்டா யாருக்குச் சொந்தம், அவங்க பாதியில நிறுத்தினா பணியாளர் நோட்டீஸ் சம்பளம் யாரு குடுக்குறது. 2025ல நிறைய அமைப்புகள் ஒரே மெயில்ல வேலைய நிறுத்தச் சொல்லப்பட்டு, அதுவரைக்கும் செலவு பண்ணின காசு கூட வராம மாட்டிக்கிட்டாங்க, அதனால கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாம கையெழுத்துப் போடாதீங்க.

ரிப்போர்ட்ல நடந்தது நடக்காதது ரெண்டையும் எழுதுங்க. கமிட்டியில நாலு இடம் கேட்டு ரெண்டுதான் கிடைச்சுதுன்னா ரெண்டுன்னே எழுதுங்க, ஏன்னு எழுதுங்க, அந்த ரெண்டு பெண்களும் முதல் கூட்டத்துல என்ன பேசினாங்கன்னு எழுதுங்க. டோனர் ஆபீசர் அத அவரோட தலைமைக்கு அப்படியே அனுப்புவாரு.

கிராண்ட் முடியிறதுக்கு ஆறு மாசம் முன்னாடி அடுத்த பேச்சத் தொடங்கிடுங்க, கடைசி மாசத்துல தொடங்குனா நடுவுல மூணு நாலு மாசம் சம்பளம் இல்லாம போகும், நல்ல ஆளுங்க அப்பதான் போவாங்க. அந்தப் பேச்சுல புது ப்ராஜெக்ட் ஐடியாவோட போகாதீங்க, மூணு வருஷத்துக்கு அமைப்பு நடக்க எவ்வளவு ஆகும்னு ஒரே ஒரு பக்கக் கணக்கோட போங்க, அதுல எவ்வளவு ஏற்கனவே கையில இருக்கு, யார்கிட்ட இன்னும் பேசிட்டிருக்கீங்க, இவங்ககிட்ட எவ்வளவு கேக்குறீங்கன்னு மூணு பத்தியா பிரிச்சுப் போடுங்க. சம்பளமும் வாடகையும் அந்தப் பக்கத்தோட முதல் வரியில இருக்கட்டும்.